வெள்ளை இழையும் மஞ்சள் இழையும்

என் வீட்டுக்காரர் நூல் வாங்கிட்டு வந்த அன்னைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிடுச்சு. நான் தையல்காரி. வெள்ளைச் சட்டைக்கு நூல் வேணும்னு சொல்லி அனுப்பினா, மனுஷன் இளமஞ்சள் நூலோட வந்து நிக்கிறார். "இது வெள்ளையா?"ன்னு கேட்டேன். "பின்னே என்ன, கறுப்பா?"ன்னார். கிண்டல் இல்லை, நிஜமாவே கேட்டார்.

வேற யாராவதுன்னா சிரிச்சுட்டு விட்டிருப்பேன். இவரோட பிழைப்பே நிறம் பார்க்கிறதுதான். ஊர் ஊரா பிராட்பேண்ட் கேபிள் போடுறாங்களே, அதுக்குள்ள தலைமுடி மாதிரி மெலிசா கண்ணாடி இழைங்க இருக்கும். ஒரு குழாய்க்குள்ள பன்னிரண்டு இழை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறம். இந்தப் பக்கத்து நீலத்தை அந்தப் பக்கத்து நீலத்தோட, ஆரஞ்சை ஆரஞ்சோட மெஷின்ல வச்சு உருக்கி ஒட்டணும். அதனால எல்லாருக்கும் இவர் ‘ஜாயின்ட்டர்’. சொந்தப் பேரு பாதிப் பேருக்குத் தெரியாது. குளிக்கும்போதுகூட நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்புன்னு வரிசையா முணுமுணுப்பார். கல்யாணமான புதுசுல இது என்னடா மந்திரம்னு பயந்தே போயிட்டேன்.

நூல் விஷயத்துக்கப்புறம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு அவரைக் கவனிச்சேன். பேப்பரை ஜன்னல்கிட்ட எடுத்துட்டுப் போய்ப் படிக்கிறார். வெயில்ல ஆள் யாருன்னு தெரியாம, குரலை வச்சு அடையாளம் கண்டுபிடிக்கிறார். டாக்டர்கிட்ட போலாம்னா மூக்குக்கு மேல கோபம் வருது. "ஆபீஸுக்குத் தெரிஞ்சா மறுநாளே வீட்ல உட்கார வேண்டியதுதான். வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு!" நான் சும்மா இருக்கிற ஆளா? தினமும் கேட்டேன், தினமும் எரிஞ்சு விழுந்தார். போன் மணி அடிச்சாலே ஆபீஸ்தானோன்னு ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

அந்த நேரத்துலதான் மேட்டு ஊர் வேலை வந்தது. மலைச்சரிவுல கடைசியா இருக்கிற ஊர். சிக்னல் வேணும்னா பாறை மேல ஏறி நிக்கணும். ஒரு கிளினிக் இருக்கு, ஒரு நர்சம்மா இருக்காங்க, டாக்டர்தான் கிடையாது. லைன் வந்துட்டா டவுன் டாக்டருங்க திரையிலயே நோயாளியைப் பார்ப்பாங்கன்னு ஊரே காத்துக்கிட்டிருந்தது. இவர் போய் ஒட்டி முடிச்சுட்டு வந்தார். மறுநாள் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது இவரோட சூப்பர்வைசர் போன் பண்ணினார். வயசுல சின்னவர், அதனால எங்களுக்கு அவர் ‘தம்பி’.

"அண்ணே, ஸ்கூலுக்கு லைன் வந்துடுச்சு. கிளினிக்குக்கு வரல. நீங்க ஒட்டி வச்ச பெட்டியைத் திறந்து பார்க்கணும். நாளைக்கு நானும் வர்றேன்."

போனை வச்சார். தட்டைத் தள்ளி வச்சுட்டார்.

"என்னங்க ஆச்சு?"

"கடைசில ரெண்டு இழை மிச்சம் இருந்துச்சு. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு மஞ்சள். கிளினிக்குக்குப் போறது அதுல ஒண்ணுதான். எனக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"குத்துமதிப்பா ஒட்டிட்டேன்."

அடப்பாவி மனுஷா! மாத்தி ஒட்டினா மெஷினுக்குத் தெரியாதாம். ஒட்டு நல்லா இருக்கான்னு மட்டும்தான் அது பார்க்குமாம்.

"யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா?"

"யாரை? மலையில மேயுற ஆட்டையா?"

சிரிப்பு வரல எனக்கு. நானும் வர்றேன்னு கிளம்பிட்டேன். பக்கத்துல நின்னு நிறத்தை மெதுவா சொல்லிடலாம், தம்பிக்குத் தெரிய வேண்டாம். அதுதான் எங்க திட்டம். பஸ்ல வழியெல்லாம் நீலம், ஆரஞ்சு, பச்சைன்னு முணுமுணுத்துக்கிட்டே வந்தார்.

கிளினிக் சுவரோரம் ஒரு மேஜை போட்டிருந்தாங்க. என்னைப் பார்த்ததும், "அக்காவும் வந்திருக்காங்களா?"ன்னு தம்பி ஆச்சரியப்பட்டார். ஊரைப் பார்க்கணும்னு ஆசையா இருந்ததுன்னு அசடு வழிஞ்சேன். இவர் பெட்டியைத் திறந்து, பழைய ஒட்டை வெட்டி எடுத்தார். தம்பி நகர்றதா இல்லை. இவர் தோள் மேலயே குனிஞ்சு நிக்கிறார், நான் எப்படிக் கிட்டப் போறது? ஊர் சனமும் சுத்தி நிக்குது. இவர் ஒரு இழையை எடுத்தார், வச்சார், இன்னொண்ணை எடுத்தார். சட்டுனு இடுக்கியைக் கீழ வச்சுட்டார்.

"தம்பி, எனக்கு இது வெள்ளையா மஞ்சளான்னு தெரியல. போன தடவை குத்துமதிப்பா ஒட்டினேன். மறுபடி அப்படிப் பண்ண மாட்டேன்."

போச்சு, எல்லாம் போச்சுன்னு நினைச்சேன். தம்பி குனிஞ்சு ரெண்டு இழையையும் பார்த்தார்.

"ஆபீஸ்ல சொல்லித்தான் ஆகணும் அண்ணே."

"சொல்லு."

"அக்கா, நீங்க இங்க வாங்க. நிறத்தை நீங்க சொல்லுங்க, அவரே ஒட்டட்டும்."

சொன்னேன். ஒட்டினார். உள்ளேயிருந்து நர்சம்மா, "வந்துடுச்சு, வந்துடுச்சு!"ன்னு கத்தினாங்க. ஓடி வந்தவங்க நேரா இவர் கையைத்தான் பிடிச்சாங்க. "எல்லாம் காதுல விழுந்தது அண்ணே. முதல் ஆளா நீங்க உட்காருங்க." இவர் பின்வாங்கினார். நான் முதுகுல கை வச்சு ஒரே தள்ளு தள்ளினேன்.

திரையில ஒரு டாக்டரம்மா. நர்சம்மா டார்ச் அடிச்சு, கேமராவைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினாங்க.

"புரை வளர்ந்திருக்கு. வலது கண்ணு ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும்னு நினைக்கிறேன். இடது கண்ணை நேர்ல பார்க்காம எதுவும் சொல்ல மாட்டேன். ஏன் இவ்வளவு நாள் வரல?"

இவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அப்புறம் எங்கிட்டகூட இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணைச் சொன்னார்.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. கடைசியில சுத்தமா தெரியாமப் போச்சு. அதான் பயம்."

என் மாமனாரை நான் பார்த்ததே இல்லை. அவருக்குக் கண்ணு தெரியாதுன்னுகூட எனக்கு யாரும் சொன்னதில்லை.

"அவரை டாக்டர் பார்த்தாங்களா?"

"எங்க ஊர்ல ஏது டாக்டர்?"

"அப்போ அதுவும் புரையா இருந்திருக்கலாம்."

"எடுத்திருந்தா பார்வை வந்திருக்குமா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க. "வந்திருக்கலாம்"னாங்க.

வெளியில ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க, எழுந்திருக்கச் சொல்லி நர்சம்மா தோளைத் தொட்டாங்க. இவர் எழுந்திருக்கல. திரைக்கு இன்னும் கிட்டப் போய், "நாளைக்கே வரலாமா டாக்டரம்மா?"ன்னு கேட்டார்.