ஒன்பதாம் மாதத்து ஹார்மோன் கணக்கு

தொண்ணூறுகளின் நடுவில், திண்டுக்கல்லில் நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டு மாதம் முடிந்ததும் அம்மா அவள் சோற்றைப் பாதியாக்கிவிட்டாள். பிள்ளை பெருத்துவிட்டால் வயிற்றைக் கிழிக்க வேண்டிவரும் என்று பயம். நான் படித்துப் படித்துச் சொன்னேன், கேட்டால்தானே!

வயிறு மாதத்துக்கு ஏற்றபடி இல்லை என்றார் டாக்டரம்மா. பிள்ளையும் நஞ்சுக்கொடியும் சேர்ந்து உண்டாக்கும் எஸ்ட்ரியால் என்ற ஹார்மோன் கடைசி மாதங்களில் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஏறாவிட்டால் பிள்ளை வாடுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அதைப் பார்க்க, ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைச் சொட்டு விடாமல் கேனில் பிடித்துத் தரச் சொன்னார். எனக்கு ஒரே குஷி. கேனை நானே கழுவி வைத்தேன்.

மதுரை லேபிலிருந்து வந்த முடிவில் அளவு மிகக் குறைவு. ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிடலாம், நாளைக்கே வந்து சேருங்கள் என்றார் டாக்டரம்மா. அம்மா ஆடிப்போனாள். அன்று அக்கா தட்டில் சோறு நிறைய, மேலே இரண்டு முட்டை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அம்மா அந்தப் பக்கம் நகர்ந்ததும் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "கேன் வச்ச அன்னைக்கு எரியோட்டுலருந்து மாமனார் வீட்டு ஆளுக வந்தாகல்ல, மத்தியானத்துக்கு மேல நான் கேனைத் தொடவே இல்லடி. அம்புட்டு ஆம்பளைக உக்காந்திருக்கயில அதைத் தூக்கிட்டு எப்படிக் கொல்லைக்குப் போறது?"

"இதை அங்கனயே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா முட்டை கிடைச்சிருக்குமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி நாள் சிறுநீர் கேனில் சேராததால்தான் அளவு குறைந்திருக்கிறது. சொல்லாவிட்டால் வீணாகக் கிழிப்பார்கள். சொன்னால் தட்டு பழையபடி பாதியாகிவிடும். காலையில் டாக்டரம்மாவிடம் சொன்னேன். திட்டிவிட்டு, மறுபடி பிடிக்கச் சொன்னார். இந்தத் தடவை அளவு சரியாக இருந்தது. பயமில்லை, ஆனால் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றார். அம்மா காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"அதான் நல்லாருக்குன்னுட்டாகல்ல. இனி அளவாவே தின்னட்டும்."

பாடப்புத்தகத்தைப் பிரித்து நஞ்சுக்கொடிப் படத்தைக் காட்டினேன். ரசத்தை இறக்கிக்கொண்டே, "படம் நல்லாருக்கு" என்றாள். என் சோற்றை அக்கா தட்டில் தள்ளினேன். அதைக் கண்டுபிடித்து அம்மா எனக்கும் அளந்து போட்டாள்.

வலி எடுத்துக் கொஞ்ச நேரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண். இரண்டு கிலோகூட இல்லை.

"பாத்தியா, சுகப்பிரசவம்" என்றாள் அம்மா என்னிடம். உள்ளே நர்ஸ் குழந்தையைச் சூடு தங்கப் பஞ்சு வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.