மீன் தண்ணீர் வேண்டாத செடி

“...மொட்டு வைச்சு நிக்கிற செடியை இப்பிடிப் பட்டினி போடலாமோ? பிள்ளைத்தாச்சியை வெறும் வயித்தோட படுக்க விட்ட மாதிரிக் கிடக்குத் தம்பி,” என்றார் பக்கத்து வீட்டு அன்ரி. அவர் கையில் வாளி. வாளியில் மீன் கழுவிய தண்ணீர்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நான், “போன வருஷத்தை நினைச்சுக்குங்க அன்ரி,” என்றேன்.

நாங்கள் குடியேறியிருக்கும் கிரான்பர்னில் குளிர் தொடங்கினால் அன்ரிக்கு ஒரே கவலைதான், சாமிப் படத்துக்குப் பூ. மல்லிகை பனியில் கருகிவிடும். செம்பருத்தி மொட்டோடு உதிரும். கடைப் பூ அவருக்கு ஆகாது. தன் கையால் வளர்த்த பூ ஒன்றாவது வைக்க வேண்டும். அங்கிள் ஒரு பிளாஸ்டிக் பூக்கொத்தை வாங்கி வந்தார். “பிளாஸ்டிக் பூ வைச்சால் வரமும் பிளாஸ்டிக்கிலதான் வரும்,” என்றார் அன்ரி. அதை நான் எத்தனையோ வீடுகளில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இந்த ஊர்ச் செடிகள் விற்கும் நர்சரி ஒன்றுக்கு அவரைக் கூட்டிப்போனது நான்தான். அங்கேதான் ஹீத்தைப் பார்த்தோம். இடுப்பளவு வளரும் புதர். ஊசி நுனிபோல் சின்னச் சின்ன இலை, வருஷம் முழுக்கப் பச்சை. மற்றதெல்லாம் ஒடுங்கிப் போகும் குளிரில்தான் இது தண்டு நெடுக ரோஸ் நிறக் குழல் பூக்களைத் தொங்கவிடும். “இது எங்கட சாமிக்கெண்டே பூக்குது,” என்று அன்ரி தொட்டியை மடியில் வைத்தே காரில் வந்தார்.

கறிவேப்பிலை வளர்த்த கைராசியை அதனிடமும் காட்டினார். எரு போட்ட பாத்தியில் நட்டார். அரிசி கழுவிய தண்ணீர், பிறகு மீன் தண்ணீர். “சாமிக்கு வைக்கிற பூவுக்கு மச்சத் தண்ணியோ?” என்றார் அங்கிள், கதிரையை விட்டு எழும்பாமல்.

“ரோசாவுக்கு விடேக்கை உங்கட வாய் எங்க போனது?”

மாதம் ஒன்று ஆகவில்லை. இலை நுனிகள் கருகி, செடி நின்றபடியே காய்ந்துபோனது. அந்தக் குளிர் முழுக்க சாமிக்குப் பிளாஸ்டிக் பூதான்.

மறுபடி போனபோது நர்சரிக்கார அம்மாள் விளக்கியதை நான் அன்ரிக்குத் தமிழில் சொன்னேன். இது சத்தில்லாத மணலில் வாழப் பழகிய செடி. எருவும் உரமும் தாங்காது. தண்ணீர் தேங்காத இடத்தில், வேரைக் கலைக்காமல் நட வேண்டும். காலை வெயில், பின்னேரம் நிழல். வேர் சூடாகாமல் மேலே மரப்பட்டைச் சீவல், அதுவும் தண்டில் படாமல். கோடையில் மண் காயவிடாமல் வெறும் தண்ணீர். பூத்து முடிந்ததும் நுனிகளை வெட்டிவிட்டால் அடர்ந்து வரும். பூவுக்காக ஒன்றிரண்டு கொப்பு நறுக்கினாலும் கோபிக்காது.

“அப்ப நான் அதுக்கு என்ன குடுக்கிறது?” என்று கேட்டார் அன்ரி.

“ஒண்ணும் குடுக்காம இருக்கணும்.”

அந்த வேலை அவருக்கு வராது. மீட்டர் பார்க்க வந்தவரைக்கூடத் தேத்தண்ணி குடிக்க வைத்து அனுப்புகிறவர். ஆனாலும் வேலியோரம் எரு படாத மணலில் இரண்டாவது செடியை நட்டுவிட்டு, ஒரு வருஷம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அன்று காலை ஒரு கொப்பு பூத்திருந்தது, மற்றதெல்லாம் மொட்டு. அந்தச் சந்தோஷத்தில்தான் வாளியைத் தூக்கி வந்திருந்தார்.

“அது பசியில நிக்கல அன்ரி,” என்றேன். “நல்லா இருக்கிறதாலதான் பூத்திருக்கு.”

அன்ரி மொட்டுகளைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பிறகு அதை எலுமிச்சை மரத்தடிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தார். உள்ளே போய்த் தலைக்குக் குளித்து, ஈரத்தலையில் சுற்றிய துவாயோடு கத்தரிக்கோல் எடுத்து வந்து, பூத்த அந்த ஒரு கொப்பை மட்டும் வெட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வெளியே வந்து, வெயில் காய்ந்துகொண்டிருந்த அங்கிளின் மடியில் பிளாஸ்டிக் பூக்கொத்தை வைத்துவிட்டுப் போனார்.