வெட்டாத பெல்ட்

ஒதிலியேவைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் நான் சும்மா விடமாட்டேன். பரைசோ ஊரில் சிவப்பு டாக்சி ஓட்டும் பெண்கள் மூன்று பேர். அவர்களில் இவள் ஒருத்திதான், ஏறியவர்களிடம் "பெல்ட் போட்டாச்சா" என்று கேட்டுப் பதில் வரும்வரை வண்டியை எடுக்காதவள். இதற்காகவே கோபித்துக்கொண்டு இறங்கிப் போனவர்கள் உண்டு. போனால் போகட்டும் என்பாள். ஆனால் 'போட்டாச்சு' என்று சொல்லிவிட்டால் போதும், திரும்பிப் பார்க்கமாட்டாள். வளர்ந்த மனுஷர்கள் சொல்வதை நம்பாமல் எப்படி என்பது அவள் கட்சி.

டாக்சி நிறுத்தத்துக்கு எதிரில்தான் என் சாப்பாட்டுக் கடை. பதினொரு வருடமாக அவளுக்குக் காலைக் காபி என்னிடம்தான். சோறும் கறுப்பு பீன்ஸும் கிளறி வைத்தால், பீன்ஸ் கூடிப்போச்சு, உப்பு குறைஞ்சுபோச்சு என்று தினமும் ஒரு குறை சொல்லிவிட்டுத் தட்டை வழித்துச் சாப்பிடுவாள். அவள் மகள் நவோமியின் அப்பன் பனாமாவுக்கு வேலைக்கென்று போனவன், போனவன்தான். அவளுக்கென்று ஊரில் இருந்தது இரண்டே பேர். ஞானஸ்நானத்தில் நவோமிக்கு ஞானத்தாயாக நின்ற லிதியெத் ஒருத்தி. இன்னொருத்தி நான்.

நவோமிக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது அந்த விபத்து நடந்தது. ஒச்சோமோகோ இறக்கத்தில் முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி பிரேக் பிடிக்காமல் வந்து பின்னால் மோதியது. டாக்சியின் பின்பக்கம் அப்பளமாக நொறுங்கிவிட்டது. ஒதிலியேவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின்னால் குழந்தை இருக்கையில் இருந்த நவோமிக்கு ஒரு கீறல் இல்லை. கையிலிருந்த பிஸ்கெட் விழுந்துவிட்டதென்று அழுதுகொண்டிருந்தாளாம்.

குழந்தையை வெளியே எடுத்த தீயணைப்பு வீரர் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். இந்த இருக்கை வாங்க வேண்டிய அடியை வாங்கிவிட்டது, இதன் வேலை முடிந்தது, பார்க்க முழுசாக இருந்தாலும் இன்னொரு அடியைத் தாங்காது. பெல்ட்டையெல்லாம் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் வேறு யாராவது எடுத்துப்போய்த் தங்கள் பிள்ளையை உட்கார வைப்பார்கள். இதை ஒதிலியே கையில் கட்டுடன் வந்து, என் கடை மேஜையில் உட்கார்ந்து, வார்த்தை மாறாமல் சொன்னாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் மண்டையில் ஏறுமா? ஆகஸ்டு வந்தால் கார்த்தகோவின் கறுத்த மாதாவைப் பார்க்க ராத்திரி பகலாக நடந்து, கோயிலுக்குள் முழங்காலால் ஊர்ந்து போகிறவர்கள் நாங்கள். லாரி நசுக்கிய வண்டியிலிருந்து குழந்தை கீறலில்லாமல் வந்ததென்றால் அது மாதாவின் கை பட்ட இருக்கை. நவோமியைப் பார்க்க வந்தவர்கள் இருக்கையைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். யாரோ அதன் பக்கத்தில் நீல ரிப்பனில் மாதாவின் சின்னப் பதக்கம் ஒன்றையும் கட்டிவிட்டார்கள்.

ஒதிலியேவுக்கே கை வரவில்லை. இரண்டு தடவை கத்தரிக்கோலை எடுத்துவிட்டுக் கீழே வைத்தாளாம். என் பிள்ளையைப் பிடித்து வைத்திருந்த பெல்ட்டை நானே எப்படி வெட்டுவேன் என்று இருக்கையை லிதியெத்திடம் கொடுத்து அனுப்பினாள். மறுநாள் காலை லிதியெத் கடைக்கு வந்து, ஐந்து பெல்ட்டையும் வெட்டிக் குப்பை லாரியில் போட்டாயிற்று, வெட்டும்போது அழுகை வந்துவிட்டது என்றாள். ஒதிலியே நல்ல கையால் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் வாழைக்காய் வறுத்துக்கொண்டே பார்த்தேன்.

மூன்று வருடம் போயிற்று. போன அக்டோபரில் ஒரு காலை, கார்த்தகோ ஆஸ்பத்திரியிலிருந்து யெசெனியா என்ற பெண்ணையும் இரண்டு நாள் குழந்தையையும் அழைத்துவர ஒதிலியே போனாள். யெசெனியா லிதியெத் வீட்டுச் சந்தில் குடியிருப்பவள். குழந்தை இருக்கை இல்லாமல் பச்சைப்பிள்ளையை வெளியே விடமாட்டார்கள் என்பதால் இருக்கையும் தயாராக இருந்தது, பூப்போட்ட புது உறையோடு. ஒதிலியே வேறு யாரையும் மாட்ட விடமாட்டாள். தோள் பெல்ட்டின் உயரத்தைக் குறைக்க உறையைத் தூக்கினாள்.

ஓட்டைக்குப் பக்கத்தில் பச்சை நகப்பூச்சில் ஒரு பொட்டு. நவோமிக்கு ஆறு மாதமானபோது, பெல்ட் எந்த ஓட்டையில் வரவேண்டும் என்று அவளே வைத்த பொட்டு. அதற்குக் கீழே பிளாஸ்டிக்கில் விரல் நீளத்துக்கு மயிரிழையாக ஒரு வெள்ளை விரிசல்.

யெசெனியா பெருமையாகச் சொன்னாளாம். "பாத்துப் பிடிங்கக்கா, அது சும்மா சீட்டு இல்ல. லாரி மோதியும் ஒரு குழந்தைக்குக் கீறல் விழலையாம். எங்க சந்துல ஏழு குழந்தை இதுலதான் வீடு வந்துச்சு. லிதியெத் அக்காகிட்ட முன்னாடியே சொல்லி வச்சாத்தான் கிடைக்கும்."

"அந்தக் குழந்தை யாருன்னு சொன்னாங்களா?"

"யாரோ டாக்சிக்காரம்மா பொண்ணாம்."

ஒதிலியே எனக்குப் போன் செய்தாள். காரணம் சொல்லவில்லை. என் பேத்தி அபிகாயிலின் இருக்கையை எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள் என்றாள். நானும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் யெசெனியா அழுதுகொண்டு நின்றாள். தரையில் கிடந்த இருக்கையில் நீல ரிப்பனைப் பார்த்தேன். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒதிலியே அதைக் கவனிக்கவில்லை. நான் கொண்டுபோனதில் பிள்ளையைப் பத்திரமாக உட்கார வைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பழையதை என் கடைக்கே கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

யெசெனியா போன் செய்திருக்க வேண்டும், லிதியெத் தானாகவே வந்து சேர்ந்தாள். மழுப்பவில்லை, அதை மட்டும் சொல்ல வேண்டும்.

"தூக்கிப் போட மனசு வரலடி. உன் பிள்ளையக் காப்பாத்துனது இன்னும் நாலு பிள்ளையக் காப்பாத்தட்டுமேன்னு நெனச்சேன்."

"வெட்டிட்டேன்னு சொன்னியே. அழுதேன்னு வேற சொன்ன."

"அழுதது நெசம்தான்" என்றாள் லிதியெத்.

ஒதிலியே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஏழு பிள்ளைகளில் ஒன்றுக்கு ஏதாவது ஆகியிருந்தால், என் பிள்ளை பேரைச் சொல்லித்தானே ஆகியிருக்கும் என்று கேட்டாள். மாட்டிக்கொண்டவர்கள் செய்வதைத்தான் லிதியெத் செய்தாள், பக்கத்தில் நின்ற என்னைக் காட்டினாள்.

"என்னை மட்டும் ஏன் கேக்குற? ஃப்ளோரிக்காவே வந்து வாங்கிட்டுப் போனாங்க, அபிகாயில் பிறந்தப்போ. உங்கிட்ட சொல்லலையா?"

ஒதிலியே லிதியெத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

என் மகளுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. இரண்டாவது பிறந்தபோது மருமகன் புது இருக்கை வாங்கி வைத்திருந்தான். அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அப்படியும் நான்தான் லிதியெத் வீட்டுக்கு நடந்து போய், மாதாவின் கை பட்டதில்தான் என் பேத்தி வீடு வரவேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அப்போதே தெரிந்துவிட்டது, அவள் வெட்டவில்லை என்று. தெரிந்தும் அதற்கப்புறம் இரண்டு வருடம், தினமும் காலையில் ஒதிலியேவுக்குக் காபி ஊற்றினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"ஒரே ஒரு நாளுக்குத்தான் வாங்கினேன்" என்றேன் கடைசியில்.

"அந்தத் தீயணைப்புக்காரர் சொன்னத இந்த மேஜைல உக்காந்துதானேக்கா உங்ககிட்ட சொன்னேன்?"

பிறகு கத்தரிக்கோல் கேட்டாள். கோழி வெட்டுவதைத்தான் கொடுத்தேன். ஐந்து பெல்ட்டையும் எங்கள் கண்முன்னே நிதானமாக வெட்டினாள். அழவில்லை. பதக்கத்தை அவிழ்த்து, குடிக்காத காபிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது அவளுக்குக் காபி பஸ் நிலையத்துக் கடையில். லிதியெத்தை ஏசலாம் என்று வாயெடுத்தால் எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றிவிடுகிறது. போன மாதம் அபிகாயிலுக்குக் காய்ச்சல் கொதித்தபோது, நிறுத்தத்தில் ஒதிலியேவின் வண்டி ஒன்றுதான் நின்றது. கூப்பிட்டதும் வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அவளே யெசெனியாவின் பிள்ளைக்கு மாட்டிய அதே இருக்கையைத்தான் நான் நீட்டினேன்.

"இது நல்லதுதான் ஒதிலியே. நீயே பாத்திருக்க" என்றேன்.

அவள் உறையைக் கழற்றி, டார்ச் அடித்து, ஓரம் ஓரமாகப் பார்த்தாள். பார்த்து முடித்த பிறகுதான் குழந்தையை என் கையிலிருந்து வாங்கி உட்கார வைத்தாள். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு, பெல்ட் போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன். அவள் திரும்பி, கையை நீட்டி என் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். அப்புறம்தான் வண்டியை எடுத்தாள்.