டெல்ஃபியா நின்ற பக்கம்

கென்டக்கி மலையில், எங்கள் பள்ளத்தாக்கில், ஹோபர்ட் ஸ்டிடமின் பிடிலைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. அவர் மனைவி டெல்ஃபியாவைப் பற்றிப் பேச நான் ஒருத்திதான், அதுவும் பக்கத்து வீட்டுக்காரி என்பதால்.

ஹோபர்ட் இடதுகைக்காரர். அவர் வில் போடும்போது, டெல்ஃபியா அத்தை பிடில் சாய்ந்திருக்கும் அவருடைய வலது தோளை ஒட்டி நின்று, இரண்டு துடைப்பக் குச்சிகளால் பிடில் தந்திகளின் மேலேயே தாளம் தட்டுவாள். ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில் படும். அந்தத் தட்டலுக்குத்தான் கல்யாண வீட்டில் கிழங்கட்டைகூட எழுந்து ஆடும். ஆனால் முதன்முதலில் இசைத்தட்டு எடுக்க வந்தவன், குச்சிச் சத்தம் வேண்டாம், அந்தம்மா வெளியே இருக்கட்டும் என்றுவிட்டான். ஹோபர்ட் வாயில் கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எடுத்த தட்டுகள் எல்லாமே அப்படித்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை. அவளுக்குக் கோபமே வந்ததில்லை.

ஹோபர்ட் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் டெட்ராய்ட்டில் கார் செய்யப் போனார்கள். தனியாளுக்குச் சோள ரொட்டி சுடுவதைப் போன்ற கொடுமை இல்லை என்பாள். பாதி ரொட்டி என் கோழிகளுக்கு வரும்.

பிறகுதான் நாஷ்வில்லிலிருந்து இளம் வாத்தியக்காரர்கள் வந்தார்கள். ஹோபர்ட்டுக்கு அஞ்சலியாக ஓர் இசைத்தட்டு. ஒரு பாட்டுக்கு அவளும் தட்ட வேண்டும் என்றார்கள். "ஒரு தட்டுலயாவது அவரோட இருந்துடணும்டி," என்றாள் என்னிடம்.

எங்கள் தேவாலயத்தில்தான் பதிவு. பிடிலோடு லைல் என்ற பையன் நின்றான். அத்தை யோசிக்காமல் போய் அவனுடைய வலப்பக்கம் நின்றாள். முதல் இழுப்பிலேயே வில் பிடித்த கையின் முழங்கை அவள் கன்னத்தில் இடித்தது. குச்சிகள் சிதறின. யாரோ சிரித்தார்கள்.

லைல் முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்கம்மா. நான் வலதுகைக்காரன், இந்தப் பக்கம் வாங்க."

போனாள். இரண்டாம் முறை ஒரு தட்டுகூடப் பிசகவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், புத்தி கெட்ட நானும்.

இசைத்தட்டு வந்ததும் அவள் சமையலறையில் சேர்ந்து கேட்டோம். உறையில் ஹோபர்ட் பெயருக்குக் கீழே அவள் பெயர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் எழுந்து, ஹோபர்ட்டின் பழைய தட்டில் அதே பாட்டைப் போட்டாள். முடியும்வரை கைகளை மடியிலேயே வைத்திருந்தாள்.

"அவர் வாசிச்சதுல நான் இல்ல," என்றாள். "நான் தட்டினதுல அவர் இல்ல. இனிமே யாரு வந்து எடுத்தாலும் இவ்ளோதான்டி."