குளவியப்பன் கட்டிய கூடு

தாவீதுக்குப் படம் வரையத் தெரியும் என்பதைக் கம்பெனி கண்டுபிடித்தது கக்கூஸ் கதவில்தான். சூப்பர்வைசரை அச்சு அசலாக வரைந்து வைத்திருந்தான். வேறு அதிகாரியாக இருந்தால் அன்றே அவனைக் கேட்டுக்கு வெளியே தள்ளியிருப்பார். பாதுகாப்பு அதிகாரி பூவராகவன் விவரமான ஆள். மார்ச் மாதப் பாதுகாப்பு வாரத்தில் எங்களுக்கெல்லாம் லட்டோடு ஒரு காமிக்ஸ் புத்தகமும் கொடுக்கலாம், ஓசியில் கை கிடைக்கும்போது வெளியில் எதற்குத் தேடுவது என்று அவனைப் பிடித்துப் போட்டுக்கொண்டார்.

அப்படிப் பிறந்தவன்தான் குளவியப்பன். நூல் மாதிரி இடுப்பு, பிதுங்கிய கண், பின்னால் கடப்பாரை நீளத்துக்குக் கொடுக்கு. ஹெல்மெட் போடாதவன், கையுறையைக் கழற்றியவன் எவனைக் கண்டாலும் ஓடி ஓடிக் கொட்டுவான். வீங்கிக் கிடப்பவனைக் காப்பாற்ற மஞ்சள் ஹெல்மெட்டில் ஒரு கதாநாயகன் வருவான். அவன் பெயர் எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. கேண்டீனில் எல்லோரும் வில்லனைத்தான் கொண்டாடினோம். யார் தடுக்கி விழுந்தாலும், "இன்னா நைனா, குளவியப்பன் வந்துட்டானா?" என்று கேட்டுச் சிரிப்போம்.

தாவீதின் அப்பாவும் அம்மாவும் பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அவன் கவரைப்பேட்டையிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் வந்த நாள் முதல் ஒரே கம்பெனி, ஆனாலும் கான்ட்ராக்ட் ஆள்தான். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் பர்மனன்ட் என்பார்கள். அவனும் நம்புவான்.

பொங்கல் முடிந்த கையோடு ஜெயராஜ் செத்துப்போனான். தாவீதுக்குப் பக்கத்து வீடு. இருவரும் ஒரே பைக்கில்தான் வேலைக்கு வருவார்கள். கன்வேயர் பெல்ட்டின் உருளையில் கை மாட்டி, ஆளையே இழுத்துவிட்டது. உருளையை மூட ஒரு கம்பிக் கூண்டு உண்டு. சிக்கிய துணுக்கை எடுக்கும்போதெல்லாம் அதைக் கழற்றி மாட்டினால் வேலை தாமதமாகிறது என்று மேலிடத்தில் சொல்லி, கழற்றியே போட்டிருந்தார்கள். ஆனால் செத்த பிறகு ரிப்போர்ட்டில் எழுதியது, தொழிலாளியின் கவனக்குறைவு என்று. எல்லாம் தெரிந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

பூவராகவன் தாவீதைக் கூப்பிட்டார்.

"இந்த வருஷம் பெல்ட்டுல கை வுட்டவன குளவி கொட்டுற மாதிரி போடுப்பா. பேரு வேணாம். படிச்சா புரியணும்."

"கூண்டு இல்லாமதான சார் ஓடிக்கினு இருந்துச்சு?"

"அத நீ வரைய வேணாம். உன்ன இந்தவாட்டி பர்மனன்ட் பண்ணப் போறாங்க. கெடுத்துக்காத."

புத்தகம் ஊருக்குள் வந்துவிட்டால், ஜெயராஜ் தன் திமிரால் செத்தான் என்று ஆகிவிடும். அவன் மனைவி மெர்சி அந்தப் பேச்சோடுதான் மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும். தாவீது சில நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை. பிறகு வரைந்தான். அச்சாவதற்கு முன் பூவராகவன் அட்டையில் முதலாளி போட்டோ பளிச்சென்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். உள்ளே வழக்கமான குளவிதானே என்று விட்டுவிட்டார்.

லட்டைத் தின்றுகொண்டே நாங்கள் புரட்டினோம். குளவியப்பன் ஜெயராஜைக் கொட்ட வருகிறான். உருளைக்குக் கூண்டு இல்லாததைப் பார்த்து நின்றுவிடுகிறான். ஏரிக்கரைக்குப் பறந்து போய், வாயில் ஈர மண் அள்ளி வந்து, பெல்ட்டை ஓட்டும் சுவிட்சின் மேலேயே கூடு கட்டுகிறான். கோட்டு போட்டவர்கள் குதிக்கிறார்கள். ஒருவனும் கூட்டைத் தொடவில்லை. கடைசிப் படத்தில் ஜெயராஜ் சாப்பாட்டுக் கேரியரோடு வீட்டுக்குப் போகிறான். கேண்டீனில் அன்று யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் குளவி கட்டிய கூட்டை யாரும் உடைக்கமாட்டார்கள். அது கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள், உடைத்தால் பாவம். கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் இதில் ஒன்றுதான்.

மறுநாள் காலை நிஜச் சுவிட்சின் மேல் ஒரு மண் உருண்டை அப்பியிருந்தது. யார் வைத்தது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். பூவராகவன் அதைத் தட்டிவிடச் சொன்னார். ஃபிட்டர் குப்புராஜ் கையைக் கட்டிக்கொண்டான்.

"எங்க ஊட்ல முழுகாம கீது சார். நான் கை வெக்க மாட்டேன்."

"அது வெறும் மண்ணுடா!"

"கூடு மண்ணுலதான சார் கட்டும்?"

அவரும் தொடவில்லை. எங்கள் கண்ணெல்லாம் அவர் கைமேல் இருந்தது. கூண்டைத் தேடி எடுத்து மாட்டும்வரை அன்று பெல்ட் ஓடவில்லை.

வாரம் முடிவதற்குள் தாவீதின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். புத்தகங்களையும் திரும்ப வாங்கி எரித்தார்கள். மறைத்து வைத்த ஒன்றை மெர்சியிடம் கொடுக்கத் தாவீது போனான். நானும் கூடப் போனேன்.

அவள் நிதானமாகப் படித்தாள். கடைசிப் படத்தில் ஜெயராஜின் முகத்தை விரலால் தடவினாள்.

"கூண்டு இல்லன்னு உனுக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?"

"தெரியும்மா. எல்லாருக்கும் தெரியும்."

"அப்போ இத போன வருஷமே வரைஞ்சிருக்கலாமேண்ணே."

 அவள் என் பக்கம் திரும்பினாள். நான் வாசலைப் பார்த்தேன்.