ஜெபத்தின் மறுபாதி

எங்கள் ஜெபக்கூட்டத்துப் பெண்களுக்கு நோயாளி என்றால் கொள்ளை ஆசை. கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வருவார்கள், பிறந்தநாள் வீட்டுக்கு வராமலே இருந்துவிடுவார்கள். யாராவது படுக்கையில் விழுந்துவிட்டார் என்றால் மட்டும் மூக்கில் வியர்த்துவிடும். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து, இந்தக் கன்னட ஊரில் நாங்கள் குடியிருக்கும் மண்டி மொஹல்லா வீட்டுக்கு அழைத்து வந்த அன்றே வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

அவர் கட்டட மேஸ்திரி. கீழே நின்றபடியே மூன்றாம் மாடியில் இருக்கும் சித்தாளை விரட்டுகிற குரல். அந்தக் குரல்தான் போனது. வலது கையும் காலும் மெல்லத் தேறிவிடும் என்றார் டாக்டர். பேச்சைப் பற்றிக் கேட்டால் மட்டும், பார்க்கலாம் என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். சொல்ல வேண்டியது வாய் வரைக்கும் வந்து நின்றுவிடும். தண்ணீருக்காகக் கையை ஆட்டுவார், நான் ஃபேனைப் போடுவேன். கோபத்தில் அவர் கண் கலங்கும். அவர் தானாக ஒரே ஒரு வார்த்தையைத் தொடங்கிச் சொல்ல வேண்டும், மாதா சுரூபத்தின் முன்னால் நான் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

வந்தவர்களின் கவலை வேறு. கூட்டத் தலைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேளாங்கண்ணிக்கு ஏதாவது நேர்ந்துவிட்டு மறந்துவிட்டோமா என்று விசாரித்தாள். இன்னொருத்தி, அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சைட்டுக்கு வேலைக்குப் போனதை நினைவுபடுத்தினாள். கான்கிரீட் போடுகிற அன்று ஞாயிறு என்று பார்த்துப் பாதியில் நிறுத்த முடியாது என்பதை அவளுக்கு யார் சொல்வது? பாவம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அலமாரிக்கு அடியில் எலியைத் தேடுவது போலத் தேடினார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதவில்லை என்று ஒருத்தி சொன்னாள்.

பிறகு ஜெபமாலை தொடங்கினார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மங்கள வார்த்தை ஜெபத்துக்கு இரண்டு பாதி உண்டு. ஒருவர் முதல் பாதியைச் சொல்வார், மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து இரண்டாம் பாதியைப் பதிலாகச் சொல்வார்கள். தலைவி "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி முடித்தாள். கூட்டம் பதில் சொன்னது. அந்தச் சத்தத்துக்கு நடுவே கட்டிலிலிருந்து ஒரு ஆண் குரல். அவர் குரல்தான். கூட்டம் புது மொழிபெயர்ப்பில் "தூய மரியே" என்று சொல்ல, அவர் மட்டும் ராமாபுரம் பக்கத்துத் தன் ஊர்க் கோயிலில் சின்ன வயதில் படித்த பழைய பாடத்தில் "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று, ஒரு எழுத்துகூடக் குழறாமல் ஆமென் வரைக்கும் சொன்னார்.

நான் அழுதேன். அதை மறைக்க வேண்டியதில்லை. தலைவியோ அழவில்லை, எழுந்து நின்றுவிட்டாள்.

"சிஸ்டர், இது அற்புதம். நம்ம கூட்டம் ஜெபிச்சதுக்கு மாதா நேரா வந்து அவர் நாக்கைத் தொட்டிருக்காங்க."

'நம்ம கூட்டம்' என்பதை அவள் அழுத்திச் சொன்னதை அப்போதே கவனித்தேன். எல்லாரும் போன பிறகு அவரிடம், தண்ணி வேணுமா, சொல்லுங்க என்றேன். பழையபடி கையைத்தான் ஆட்டினார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண்ணிடம் வாராவாரம் அழைத்துப் போனேன். மண்டியா பக்கத்துக் கன்னடக்காரப் பெண். நடந்ததைச் சொன்னதும் அவள் வியக்கவில்லை, சந்தோஷப்பட்டாள். சின்ன வயதிலிருந்து வாய்ப்பாடமாகப் பழகியது மூளையில் வேறு வழியாக வரும், யாராவது எடுத்துக் கொடுத்தால் வண்டி ஓடும், தானாகக் கிளப்பத்தான் வராது என்று விளக்கினாள். பிறகு என்னைச் சொல்லச் சொல்லி, முதல் பாதியைக் கன்னட எழுத்தில் தன் போனில் அடித்துக்கொண்டாள். நீங்கள் தினமும் இதைச் சொல்லுங்கள், பதிலை அவரிடம் விடுங்கள், அவர் திணறினால் உடனே எடுத்துக் கொடுத்துவிடாமல் பொறுங்கள் என்றாள். மாதாவைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்த பக்தைகள் அத்தனை பேரும் சேர்ந்து செய்யாத ஊழியத்தை அவள் செய்தாள்.

அதிலிருந்து தினமும் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காருவேன். முதல் பாதி நான், மறுபாதி அவர். நாள் முழுக்க ஊமையாகக் கிடந்த வீட்டில் அந்த நேரம் மட்டும் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வது போலிருக்கும். எனக்கு மாதா மேல் கோபமும் இருந்தது. கோபத்தோடுதான் மணிகளை உருட்டினேன். கோபம் வந்தால் கூப்பிடக்கூடாது என்று மாதா சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

தலைவி சும்மா இருப்பாளா? செப்டம்பர் மாதா திருவிழாவில், மாதா சுரூபம் இருக்கும் கல் குகையான கெபி முன்னால் மேடை போட்டு, என் கணவரைச் சாட்சி சொல்ல வைக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டாள். பேச்சே இல்லாத மனுஷன் எப்படிச் சாட்சி சொல்வார் என்று கேட்டேன். ஜெபத்தைச் சொன்னால் போதும், அதுவே சாட்சி என்றாள். நான் முடியாது என்றேன். இவரோ படுக்கையில் இருந்தபடி தலையை ஆட்டி ஆட்டிச் சம்மதம் சொன்னார். வெள்ளைச் சட்டையைக் கொக்கியிலிருந்து எடுக்கச் சொல்லி இடது கையால் காட்டினார். நாலு பேருக்கு நடுவில் தன் குரல் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசைக்கு முன்னால் என் வீம்பு எம்மாத்திரம்? சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். தலைவியிடம் மட்டும் படித்துப் படித்துச் சொன்னேன்: தமிழில் முதல் பாதியை எடுத்துக் கொடுங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். "ஆகட்டும், ஆகட்டும்" என்றாள்.

வீட்டில் தமிழ்தான் பேசுவாள் அவள். மருமகளைத் திட்டுவது தமிழில், காய்கறிக்காரனிடம் பேரம் தமிழில். கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் மட்டும் தமிழ் என்ற ஒரு பாஷை இருப்பதே மறந்துவிடும். மேடையில் குருவானவர் உட்கார்ந்திருக்கிறார், பங்குப்பேரவைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், தமிழில் வாயைத் திறந்தால் தன்னைக் கூலிக்காரி என்று நினைத்துவிடுவார்களாம். குருவானவர் கன்னடக்காரர்தான். எங்கள் வீட்டுக்கு நன்மை, அதாவது நற்கருணை, கொடுக்க வரும்போது தடுக்கித் தடுக்கியாவது தமிழில் நலம் விசாரிப்பவர். அவருக்கில்லாத கூச்சம் இவளுக்கு.

என் கணவரைக் கைத்தாங்கலாக மேடை ஏற்றி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலைவி அற்புதத்தைக் கன்னடத்தில் விலாவாரியாகச் சொன்னாள். அதில் அவள் கூட்டம் வந்தது, அவள் உபவாசம் வந்தது, மாதாவும் கடைசியில் வந்தார். பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு கணீரென்று தொடங்கினாள்.

"நமோ மரியே..."

முதல் பாதி முழுவதையும் கன்னடத்தில் சொல்லி முடித்து, மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். அவர் அவளைப் பார்த்தார். உதடு துடித்தது. ஒன்றும் வரவில்லை. பதிலுக்கு அவருக்குள் இருந்தது ஊர்க் கோயில் தமிழ், இவள் தட்டியதோ வேறு வீட்டுக் கதவு. காது கேட்காதவரிடம் பேசுவது போல இன்னும் சத்தமாக மறுபடியும் சொன்னாள். பிறகு இங்கிலீஷில் ஒருமுறை. கீழே பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவர் வெள்ளைச் சட்டைக் காலரை இடது கையால் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். விசுவாசம் குறைந்தால் பெற்ற வரமும் போய்விடும் என்பதற்கு இதுவே சாட்சி என்று சொல்லி, அதற்கும் ஒரு ஆமென் வாங்கினாள். நான் வரிசையை விலக்கிக்கொண்டு மேடை ஏறினேன். அவர் பக்கத்தில் மண்டியிட்டு, மைக் இல்லாமல், தமிழில் முதல் பாதியைச் சொன்னேன். தலை நிமிர்ந்தது. மறுபாதி முழுதும் வந்தது, "மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" வரைக்கும். கேட்டது நானும் பக்கத்தில் நின்ற பாட்டுக்குழு டிரம்காரரும்தான். தலைவி மைக்கோடு மேடையின் மறுமுனைக்குப் போய், சாப்பாட்டுக்கு வரிசையாக நிற்கும்படி அறிவித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். வழக்கமான நேரம் வந்தது. நான் மெஷினை மூடவில்லை. யாருக்கோ தைக்க வேண்டிய ரவிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்தேன். இன்றைக்கு என்னிடம் ஜெபம் இல்லை, உங்கள் மாதாவிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவளைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள் இப்படிப்பட்டவர்கள் என்றால் அவளும் எனக்கு வேண்டாம் என்றிருந்தது. அவ்வளவு வெறுத்துப் போயிருந்தேன்.

அவர் தலையணைக்கு அடியிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். மணியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். நான் திரும்பவில்லை. கட்டில் சட்டத்தில் மணியால் தட்டினார். அதற்கும் நான் அசையவில்லை. பிறகு மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம் கேட்டது. என்னவோ ஏதோ என்று பதறித் திரும்பினேன்.

"அருள்" என்றார்.

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவராகத் தொடங்கியது. நிறைந்த என்று எடுத்துக் கொடுக்க என் வாய் துடித்தது. பொறுங்கள் என்று அந்தப் பெண் சொன்னது நினைவு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். கழுத்து நரம்பு புடைக்க, நெற்றி வியர்க்க, "நிறைந்த" என்றார். வெகுநேரம் கழித்து "மரியே". அதற்கு மேல் வரவில்லை. மீதியை நான் சொன்னேன். தொடங்கினவர் அவர் என்பதால் பதில் சொல்ல வேண்டியவள் நான், மறுபாதியையும் நானே சொன்னேன், அவருடைய பழைய பாடத்திலேயே. அழுகையில் என் நாக்குத்தான் குழறியது. அவர் சிரித்தார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் மேடை போடுவார்கள். இப்போது அவர் தினமும் தொடங்குகிறார், சில நாள் ஒரு வார்த்தை, சில நாள் ஒரு வரி. தண்ணீரையும் கேட்கத் தொடங்கியிருக்கிறார். அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண்ணுக்கு மட்டும் தெரியும். நான் அறிந்த வரையில் மாதாவுக்கும் தெரியும்.

விழாவுக்குப் பிறகு கூட்டம் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தலைவி மட்டும் தெருவில் போகும்போது கேட் அருகே நின்று, உள்ளே எட்டிப் பார்த்தபடி கேட்பாள்.

"ஏதாச்சும் மாற்றம் இருக்கா சிஸ்டர்?"

"ஒண்ணும் இல்லை" என்பேன்.

விசுவாசத்தை மட்டும் விட்டுவிடக்கூடாது என்று எனக்குப் புத்தி சொல்வாள். சரி என்று தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்துவேன். உள்ளே ஒருவர் தொடங்கியிருப்பார், நான் போய்ப் பதில் சொல்ல வேண்டும்.