ஊர் கேட்காமல் வாங்கிய பங்கு

நரிக்குடிப் பக்கம் ஆடு வியாபாரம் செய்பவன் நான். சந்தைக்குப் புது ஆள் ஆடு கொண்டுவந்தால், "எந்த ஊரு, யாரு வீடு?" என்று கேட்காமல் அச்சாரம் கொடுக்க மாட்டேன். அப்பேர்ப்பட்ட புத்திசாலி, மகளின் நர்சிங் படிப்புக்கு வைத்திருந்த பணத்தைக் எந்த ஊர்க் கம்பெனி என்றுகூடக் கேட்காமல் கைப்பேசிச் செயலி ஒன்றில் போட்டு வெளிநாட்டுப் பங்குகள் வாங்கினேன்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் விற்கப் பார்த்தால் விலை எதுவும் அசையவில்லை. பொத்தானை அழுத்தினால், "பிறகு முயலவும்" என்றது. கம்பெனிக்காரன் ஓடிவிட்டான் என்று நானே தீர்ப்பு எழுதி, ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் மனைவியின் செருப்புமாக, துபாயிலிருந்து திரும்பிவந்து துணிக்கடை வைத்திருக்கும் நண்பன் காதரிடம் ஓடினேன்.

"மாப்ள, போலீசுக்குப் போவோம், வா!"

"போவோம் மச்சான். எந்த நாட்டுப் போலீசு?"

காதர் என் கைப்பேசியை வாங்கிப் பார்த்துச் சிரித்தான். "ஏலே, அந்த நாட்டுல இன்னைக்குச் சந்தைக்கு லீவு. நாளைக்கு வித்துக்க. ஆனா நெசமாவே ஓடிருந்தான்னா, இங்க யாருகிட்டப் போயி பிராது சொல்லுவ?"

மறுநாளே விற்றேன். பணம் வங்கிக்கு வந்து சேரும்வரை கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை.

இப்போது எந்தச் செயலியானாலும், நம் நாட்டுப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவு இருக்கிறதா, புகாரை இங்கே யார் விசாரிப்பார் என்று முதலில் பார்க்கிறேன். ஊர் சொல்லாத செயலிக்கு அச்சாரம் கிடையாது.

மகள் கல்லூரிக்குப் போகிறாள். மனைவிதான் தன் செருப்பை இன்னும் வீட்டுக்குள் ஒளித்து வைக்கிறாள்.